வலது கால் பிரேக்

எனக்கு வண்டி என்றால் பயம். கல்யாணமான நாளிலிருந்து ஒரே மனுஷனுக்குப் பின்னால் உட்கார்ந்து ஊரெல்லாம் சுற்றியும் அந்தப் பயம் போகவில்லை. ஏறும்போது ஒரு சிலுவை, இறங்கும்போது ஒரு சிலுவை, நடுவில் சாந்தோம் கோயிலைத் தாண்டும்போது இன்னொன்று. "நீ போடற சிலுவையைப் பாத்தா எனக்கே பயமா இருக்கு" என்பார் என் வீட்டுக்காரர். பயம் இருந்தால்தானே ஜாக்கிரதையாக ஓட்டுவார் என்று நானும் விடாமல் போட்டுக்கொண்டே இருந்தேன்.

வீடு மயிலாப்பூரில், கடற்கரைப் பக்கம் ஒரு சந்து. நான் கணக்கு டீச்சர். பள்ளிக்கூடம் பெசன்ட் நகரில். அவருக்கு தி. நகரில் ஒரு துணிக்கடையில் கணக்கு வேலை. காலையில் என்னை பெசன்ட் நகரில் இறக்கிவிட்டு, வந்த வழியே பாதி தூரம் திரும்பி தி. நகர் போவார். எதற்கு இந்த வீண் சுற்று, நான் பஸ்ஸில் போகிறேன் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். "வண்டி எதுக்கு இருக்கு?" என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

வண்டிதான் அவருக்கு எல்லாம். வாங்கிய புதிதில் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போனோம். ஃபாதர் வந்து மந்திரித்து, தீர்த்தம் தெளித்தார். ஃபாதர் இந்தப் பக்கம் திரும்புவதற்குள் இவர் பாக்கெட்டிலிருந்து துணியை எடுத்து டேங்க்கில் விழுந்த தீர்த்தத்தைத் துடைத்துவிட்டார், கறை படியுமாம். எனக்கு மானம் போயிற்று. ஃபாதர் நல்ல மனுஷன், சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

வண்டி விஷயத்தில் அவருக்கு ஒரு கொள்கை உண்டு. பின் பிரேக்தான் பிரேக். முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி ஆளைத் தூக்கி அடித்துவிடும். இது அவர் மட்டும் சொல்வதில்லை, அவருடைய அண்ணன் தம்பிகள், என் தம்பி, எங்கள் தெருவில் வண்டி வைத்திருக்கிற அத்தனை ஆம்பிளைகளும் சொல்வதுதான். வலது கால் கட்டை விரலுக்குக் கீழே இருக்கிற பெடல்தான் அவர்களுக்குக் கடவுள். வலது கைப்பிடியில் இருக்கிற முன் பிரேக்கில் காய்கறிப் பை தொங்கும்.

போன வருஷம் பள்ளிக்கூடம் திறந்த சமயம். அடையாறு பாலத்தில் ஏறி இறக்கத்தில் வந்துகொண்டிருக்கிறோம். கீழே சிக்னல் சிவப்பு. முன்னால் ஒரு பஸ் நின்றுவிட்டது. நாங்கள் நிற்கவில்லை. பஸ்ஸின் பின்பக்கம் என்னைப் பார்த்து வளர்ந்துகொண்டே வருகிறது. அவர் சடாரென்று இடது பக்கம் ஒடித்தார். பஸ்ஸுக்கும் மெட்ரோ வேலைக்கு அடித்திருந்த தகரத் தடுப்புக்கும் நடுவில் ஒரு சந்து, அதில் புகுந்தோம். நான் புடவையில் ஒருக்களித்து இடது பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். தகரம் என் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு போயிற்று. எப்படியோ நின்றது.

"பிரேக் பிடிக்கல" என்றார்.

ஏதோ மோர் புளித்துவிட்டது என்று சொல்கிற குரல். கொசுவம் கிழிந்து தொங்குகிறது. கிழிசலைக் கையில் பிடித்துக்கொண்டேன். பச்சை விழுந்ததும் அவர் பாட்டுக்கு வண்டியை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் லுங்கியைக் கட்டிக்கொண்டு சந்தில் வண்டியை நடு ஸ்டாண்டு போட்டார். "வா, வந்து பெடலை அழுத்து" என்று என்னைக் கூப்பிட்டார். நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து உள்ளங்கையால் பெடலை அழுத்த, அவர் பின் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். அழுத்து, விடு, அழுத்து, விடு. பெடல் ஒரு கம்பியை இழுக்கும், கம்பி சக்கரத்து நடுவில் இருக்கிற டிரம்முக்குள்ளே இரண்டு ஷூவை விரிக்கும், விரிந்த ஷூ டிரம்மைக் கவ்விப் பிடிக்கும். ஷூ தேய்ந்தால் கம்பி முனையில் இருக்கிற நட்டை முறுக்கணும், அவ்வளவுதான். இதையெல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் சொன்னார். சொல்லும்போது முகத்தில் எத்தனை சந்தோஷம்!

முறுக்கினார். நான் அழுத்தினேன். சக்கரம் டக்கென்று நின்றது. இன்னொரு தடவை சுற்றச் சொன்னேன், மறுபடியும் நின்றது. அப்பாடா என்று இருந்தது. நிம்மதியாகப் போய் மீன் குழம்பு வைத்தேன்.

அந்த நிம்மதி புதன்கிழமை வரைக்கும்கூடத் தாங்கவில்லை. பட்டினப்பாக்கத்தில் ஒரு மீன்காரம்மா தலையில் கூடையோடு ரோட்டைத் தாண்டினாள். நல்ல தூரத்திலேயே பார்த்துவிட்டார், நிறுத்திவிடுவார் என்றுதான் நானும் நினைத்தேன். வண்டி நேராக அவள் மேல் போகிறது. "பிரேக் பிடிக்கலம்மா, ஒத்து, ஒத்து!" என்று கத்துகிறார். அவள் கூடையோடு துள்ளி ஒதுங்கினாள். நாங்கள் மணல் மேட்டில் ஏறி நின்றோம்.

"பிரேக் இல்லாத வண்டிய இன்னாத்துக்குய்யா வெளிய எடுத்தாற? ஊட்டு பொம்பளய பின்னால உக்கார வெச்சிக்கினு சாவப் போறியா?" என்று அவள் பிடித்த பிடியில் கூட்டம் கூடிவிட்டது. என்னைப் பார்த்து, "நீயாச்சும் சொல்ல மாட்ட?" என்றாள். அவள் கேட்டது நியாயம்.

லஸ் பக்கம் ஒரு சந்தில் மெக்கானிக் பாய் ஒருவர் இருக்கிறார். எங்கள் வண்டி முதல் சர்வீஸிலிருந்து அவரிடம்தான். அவர் சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைத் திறந்து, ஷூவை வெளியே எடுத்துத் தூசியை ஊதினார். "இதுல இன்னும் பாதிக்கு மேல கீது சார்" என்றார். "பரவாயில்ல, மாத்து" என்றார் இவர். பாய் தலையை ஆட்டிக்கொண்டே மாற்றினார், டிரம்மை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், ஏறி ஒரு சுற்று போய்விட்டு வந்து எங்கள் முன்னால் ஒரு பிரேக் அடித்தார். பின் டயர் கறுப்பாகக் கோடு போட்டு நின்றது.

"இதுக்கு மேல பிடிச்சா வண்டி நின்னுரும் சார், நீங்க போய்க்கினே இருப்பீங்க" என்றார் பாய். அவர் சிரித்தார், நானும் சிரித்துவிட்டேன். இவர் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தது. ஒருநாள் கிரீன்வேஸ் ரோட்டு சிக்னலில் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் தலையை நீட்டினார். "நைனா, பிரேக் லைட்டு எரிஞ்சிக்கினே வருது பாரு. கால எடு."

"கால் பெடல்லயே இல்லப்பா" என்றார் இவர்.

"அப்ப யாரு கால் அது?" என்று கேட்டுவிட்டு ஆட்டோ போய்விட்டது. பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போது தீய்ந்த வாடை. குனிந்து சக்கரத்து நடுவில் கையைக் கொண்டுபோனேன், தொட முடியவில்லை. என் பாட்டிலிலிருந்து ஒரு வாய் தண்ணீரை அதன் மேல் விட்டேன். சுர்ரென்று ஆவி வந்தது. பிள்ளைகள் இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"நட்டை ஓவரா முறுக்கிட்டேன் போல. ஷூ உரசிக்கிட்டே வந்திருக்கு. லைட் சுவிட்சும் போயிருக்கும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை நட்டைத் தளர்த்தினார். திங்கட்கிழமை பிடிக்கவில்லை. மறு ஞாயிறு முறுக்கினார். அந்த வாரம் முழுக்கத் தீய்ந்த வாடை. சுவிட்சை மாற்றினார், பெடலை மேலே இழுக்கிற ஸ்பிரிங்கை மாற்றினார், கம்பியை மாற்றினார். சந்தில் போகிறவர்கள் எல்லாம் "என்ன சார், இன்னும் பின் பிரேக்தானா?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். நான் உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டே நட்டு திரும்புகிற சத்தத்தைக் கேட்பேன். வெங்காயத்துக்கு வந்த கண்ணீர் எவ்வளவு, பயத்துக்கு வந்தது எவ்வளவு, யாருக்குத் தெரியும்.

பயம் எனக்காக மட்டும் இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் இறங்கிவிடுவேன். அதற்குப் பிறகு அவர் தனியாக தி. நகர் வரைக்கும் போகணுமே. அந்த ரங்கநாதன் தெருக் கூட்டம், உஸ்மான் ரோட்டு பஸ்கள். "கடைக்குப் போனதும் ஒரு போன் அடிங்க" என்று கெஞ்சுவேன். அடிக்க மாட்டார். மறந்துட்டேன் என்பார். முதல் பீரியட் முழுக்க எனக்குக் காது ரோட்டில்தான் இருக்கும். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் போர்டில் எழுதுகிற கணக்கு பாதியில் நின்றுவிடும். "மிஸ், அடுத்த ஸ்டெப்?" என்று பிள்ளைகள் கேட்கும். எங்களுக்கு ஒரே மகள், அவளும் புருஷனோடு கோயமுத்தூரில். இந்த மனுஷன் ஒரு பஸ்ஸுக்கு அடியில் போய்விட்டால் அந்தச் சந்து வீட்டில் நான் யாரோடு சண்டை போடுவேன்? இதை அவரிடம் சொல்லியும் விட்டேன், அழுதுகொண்டே.

"வண்டியை வித்துடுங்க. ஆட்டோல போங்க, பஸ்ல போங்க, நடந்து போங்க, எனக்கு நீங்க வேணும்" என்றேன்.

"என்னைக் கிழவன்னு சொல்றியா?"

"கிழவனாகறதுக்கு உசுரோட இருக்கணும்ல!"

சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். அவருக்குக் கோபம் மூக்கு மேல் நிற்கும், நானும் லேசில் விடுகிற ஆள் இல்லை. ஆனால் காலையில் ஏழே காலுக்கு வண்டி வாசலில் நின்றது, நானும் ஏறி உட்கார்ந்தேன். வேறென்ன செய்ய? அவரைத் தனியாக அனுப்புவதைவிடக் கூடப் போவது தேவலை என்று தோன்றியது.

அப்புறம்தான் எங்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா வந்தது. டீச்சர்கள் எல்லாரும் சுடிதாரில் வரணும், ஓடியாடி வேலை இருக்கும் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லிவிட்டார். மகள் விட்டுப்போன ஒரு சுடிதாரை எடுத்துப் போட்டுக்கொண்டு, வெட்கப்பட்டுக்கொண்டே இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தேன். "யாரு பின்னாடி, போலீஸா?" என்றார். பல நாளைக்கப்புறம் வந்த கிண்டல், எனக்கும் சிரிப்பு வந்தது.

புடவையில் ஒருக்களித்து உட்கார்ந்தால் என் கண்ணுக்குத் தெரிவது எல்லாம் இடது பக்கம்தான். நடைபாதை, கடை, தகரத் தடுப்பு. அவருடைய வலது பக்கம் எனக்கு முதுகுக்குப் பின்னால். இத்தனை வருஷமாக அந்தப் பக்கத்தை நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குப் பாலத்தின் மேல் ஏறும்போது அவர் தோளுக்கு மேல் எட்டி, குனிந்து, வலது காலைப் பார்த்தேன். வேறு எதற்கும் இல்லை, பிரேக் பயம்தான். பெடலில் கால் உரசித்தான் லைட் எரிகிறதா என்று பார்க்கலாம் என்று.

கால் கட்டையின் மேல் இருந்தது. கால் வைக்கிற இரும்புக் கட்டை, ரப்பர் போட்டது. பெடல் அதற்கு முன்னால், உள்பக்கம். விரல் அதன் மேல் இருக்கணும். இல்லை. பாதம் வெளிப்பக்கம் திரும்பி விரல்கள் காற்றில் இருந்தன. சரி, ஏற்றம்தானே, இறக்கத்தில் வைப்பார் என்று நினைத்தேன்.

இறக்கம் வந்தது. கீழே சிவப்பு விழுந்து வரிசையாக வண்டிகள் நின்றன. எங்களுக்கு நேராக ஒரு வெள்ளைக் கார். அவர் தொடை இறுகுவது எனக்குத் தெரிகிறது. முழு பலத்தோடு மிதிக்கிறார். எதை? அந்த இரும்புக் கட்டையை. பெடல் அப்படியே மேலே நிற்கிறது, யாரும் தொடாமல்.

"பிடிக்கல, பிடிக்கல!" என்று கத்தினார்.

"கால் பெடல்ல இல்லங்க! பெடல்ல வைங்க!"

"பெடல்லதான்டி இருக்கு!"

மாதாவே! அந்தக் குரலில் பொய் இல்லை. என்னோடு வாதாடுகிற குரலும் இல்லை. பெடலைத்தான் மிதிக்கிறோம் என்று சத்தியமாக நம்புகிற ஆளின் குரல் அது. கார் வந்துவிட்டது. "கை பிரேக்! கையைப் பிடிங்க, கையை!" என்று அவர் வலது தோளில் இரண்டு கையாலும் அடித்தேன். பிடித்தார். ஜென்மத்தில் தொடாததைப் பிடித்தார். வண்டி முன்பக்கம் குனிந்து, பின்பக்கம் கோணி, என் ஹெல்மெட் அவர் ஹெல்மெட்டில் மோதி, கார் பம்பரில் முன் சக்கரம் உரசினாற்போல் நின்றது. தூக்கி அடிக்கவில்லை. ஒன்றும் ஆகவில்லை. காரில் இருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனோம். அவர் உடனே பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் நின்று பாயைத் திட்ட ஆரம்பித்தார். போட்டது டூப்ளிகேட் ஷூ, ஏமாத்திட்டான், இன்னைக்கு அவனை என்ன பண்றேன் பார். நான் அவர் காலைப் பார்த்தேன். இடது காலில் செருப்பு. வலது காலில் இல்லை.

மெட்ரோ வேலைக்குக் கொட்டிய ஜல்லி அங்கே சிதறிக் கிடந்தது, முனை முனையாக. அதன் மேல்தான் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். சமையலறையில் ஒரு கடுகு காலில் பட்டாலும் நாம் காலைத் தூக்குவோம். அவர் உடம்பு பாரம் முழுக்க அந்தக் காலில் போட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பாயைத் திட்டிக்கொண்டு நின்றார்.

"செருப்பு எங்கங்க?" என்றேன்.

"கால்லதான்" என்று சொல்லிக் குனிந்தார். பார்த்தார். பிறகு, "வழியில விழுந்திருக்கும். புது வார், லூசு" என்றார்.

நான் பாலத்தில் ஏறிப் போய்த் தேடினேன். பாதி ஏற்றத்தில் கிடந்தது, ஏதோ வண்டி ஏறி நசுங்கி. எங்கே கழன்றதோ, அதற்கப்புறம் வெறுங்காலை அந்த இரும்பில் வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார், தெரியாமல். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கும்போது எனக்கு எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. சில நாள் பிடிக்காத பிரேக், சில நாள் தானாகப் பிடித்துத் தீய்கிற பிரேக். ஒரே நட்டு இரண்டையும் எப்படிச் செய்யும்? கால் பெடலில் இல்லாதபோது இருக்கிறது என்று நினைத்தார். இருக்கும்போது இல்லை என்று நினைத்தார். சுகர் இருக்கிறது அவருக்கு, பல வருஷமாக. யாருக்குத்தான் இல்லை என்று மாத்திரையை விழுங்கிவிட்டுப் போய்க்கொண்டிருப்பார். அது காலைத் தின்னும் என்று எங்கள் ஸ்டாஃப் ரூமில் பேசிக் கேட்டிருக்கிறேன். இதுவரைக்கும் பயப்பட்டதெல்லாம் வண்டிக்கு. இந்தப் பயம் வேறு மாதிரி இருந்தது.

பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை என்று போன் செய்துவிட்டேன். சிக்னலுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை, வெளியே பெஞ்சு. சர்க்கரை போடாமல் ஒரு டீ வாங்கி அவர் கையில் கொடுத்தேன். அவர் இன்னும் பிரேக்கை விடவில்லை. டிரம்மே வட்டம் கெட்டு ஓவலாகியிருக்கும், அதனால்தான் ஒரு நேரம் பிடிக்குது ஒரு நேரம் பிடிக்கல, சக்கரத்தையே மாத்திடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

"ஏய், என்ன பண்ற? நடுரோட்டுல, யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க?"

"கண்ணை மூடுங்க. நான் காலைத் தொடுவேன். தொட்டதும் சொல்லணும்."

"இது என்ன விளையாட்டு, டீச்சரம்மா? விளையாட்டு விழா இங்கயே நடத்தறியா?" என்றார். ஆனால் மூடினார். உதட்டில் சிரிப்பு இருந்தது. சண்டை முடிந்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

இடது செருப்பைக் கழற்றிவிட்டு, பாதத்தின் நடுவில் விரலை வைத்தேன். கொஞ்சம் நேரமாயிற்று. "ம். தொட்டுட்ட" என்றார்.

வலது காலை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். ஜல்லி குத்திய இடத்தில் இரத்தம் கசிந்திருந்தது. கட்டை விரலுக்குக் கீழே, பெடல் படுகிற இடத்தில், என் பெருவிரலை வைத்தேன். அழுத்தினேன். நகத்தை வைத்து அழுத்தினேன், எனக்கே விரல் வலிக்கிற அளவுக்கு. அவர் கண்ணை மூடியபடி, டீயைக் கையில் வைத்துக்கொண்டு, சிரிப்பு மாறாமல் காத்திருந்தார்.

"சீக்கிரம் தொடும்மா" என்றார். "டீ ஆறுது."